மூன்றாம் கேள்விக்குப் பதில்

நர்சம்மாவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதல் நாள் ஒத்திகையிலேயே இந்தக் குட்டு வெளிப்பட்டுவிட்டது. வரிசையில் நின்ற மற்றவர்கள் எல்லாரும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்க, அவள் மட்டும் இரண்டு கைகளையும் கோத்து மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, கையக் கீழ விடுங்க. யாரும் பிடுங்கிட்டுப் போயிட மாட்டாங்க" என்றார் பாட்டு வாத்தியார்.

விட்டாள். இரண்டு வரி பாடுவதற்குள் கை தானாகவே பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. முப்பத்து மூன்று வருஷம் ஆபரேஷன் அறையில் நின்ற கை அது. கழுவி உறை மாட்டிய கை இடுப்புக்குக் கீழே இறங்கினால் அது அழுக்குக் கை. மறுபடி முதலிலிருந்து கழுவ வேண்டும். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் அந்தச் செய்தியைக் கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

பெரியவர்களுக்கான கோடை வகுப்பு அது. பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டுப் பூட்டிய பள்ளிக்கூடத்தை இரண்டு வாரத்துக்குத் திறந்து, ஐம்பது தாண்டியவர்களுக்கு ஒரு அறையில் ஓவியம், இன்னொன்றில் தச்சு வேலை, மற்றொன்றில் கம்ப்யூட்டர் என்று சொல்லிக்கொடுத்தார்கள். மாடி அறையில் பாட்டு நாடகம். பெஞ்சுகள் எட்டு வயதுப் பிள்ளைகளின் அளவு. உட்கார்ந்தால் முழங்கால் காது வரைக்கும் வரும். எழுந்தால் சிலரோடு பெஞ்சும் கூடவே எழும். கரும்பலகையில் கடைசி நாள் யாரோ எழுதிவிட்டுப் போன ஏழாம் வாய்ப்பாட்டை அழிக்க யாருக்கும் மனசு வரவில்லை.

வாத்தியார் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். நாடகத்தை எழுதி, மெட்டுப் போட்டு, கடையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். அவரிடம் வந்து சேர்ந்த பதினைந்து பேரும் தங்கள் தொழிலைக் கையோடு கூட்டி வந்திருந்தார்கள். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், தரை ஆடாத இடத்திலும் காலை அகட்டி வைத்துக்கொண்டுதான் பாடுவார். வங்கியில் இருந்த அம்மாள் ஒருத்தி, வசனத் தாளைப் புரட்டும்போதெல்லாம் விரலை நாக்கில் தொட்டுக்கொள்வாள். ஆனால் நர்சம்மாவின் இன்னொரு பழக்கத்துக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

யார் எதைச் சொன்னாலும் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அவள் மேற்கொண்டு அசைவாள். "அம்மா, ரெண்டடி இடது பக்கம்" என்பார் வாத்தியார். "ரெண்டடி இடது பக்கம்" என்று சொல்லிவிட்டு நகர்வாள். ஆபரேஷன் அறையில் அது சட்டம். டாக்டர் கேட்டதைத் திருப்பிச் சொன்னால்தான் காதில் விழுந்தது என்று அர்த்தம். திருப்பிச் சொல்லாவிட்டால் விழவில்லை. டாக்டர் இன்னொரு முறை கேட்பார், அடுத்த முறை கேட்கும் தொனியே வேறாக இருக்கும். வீட்டிலும் அப்படித்தான். கணவர் தண்ணீர் கேட்டால் "தண்ணி" என்று ஒரு குரல் வரும், அப்புறம்தான் தண்ணீர் வரும். மின்வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்ந்த அந்த மனிதர், கல்யாணமான புதிதில் தன்னைக் கேலி செய்கிறாளோ என்று ஒரு வாரம் முறைப்பாக இருந்தாராம்.

இவ்வளவு சொல்லியாகிவிட்டது, விஷயத்தைச் சொல்லவில்லை. நர்சம்மாவுக்குப் பாட்டின் மேல் ஒன்றும் பெரிய மோகம் கிடையாது. நூலகத்து வாசலில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியலில் அக்காவின் பெயரைப் பார்த்தாள். அதற்குக் கீழே தன் பெயரை எழுதினாள். கூடப்பிறந்த ஒரே அக்கா. பதினொரு வருஷமாக அவளோடு ஒரு வார்த்தை பேசாத அக்கா. வகுப்பு சனிக்கிழமை முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஒரேயடியாகப் போகிறாள். அறுபத்தெட்டு வயதில் போகிறவள் திரும்பி வருவாள் என்பதெல்லாம் பேச்சுக்குச் சொல்வது. அதற்குள் அக்கா வாயைத் திறந்து தன்னிடம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். நர்சம்மாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

முதல் நாள் அக்கா அவளைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விதி என்று சொல்லலாம், வாத்தியாரின் காது என்றும் சொல்லலாம். எல்லாரையும் ஒரு வரி பாடச் சொல்லிக் கேட்டவர், இவர்கள் இரண்டு பேரையும் தனியாக நிறுத்தினார்.

"ஆச்சரியமா இருக்கு. உங்க ரெண்டு பேர் குரலும் ஒரே வீட்டுக் குரல் மாதிரி இருக்கே. முன்னாடியே பழக்கமா?"

"ஒரே ஊரு" என்றாள் அக்கா.

ஒரே வயிற்றில் பிறந்ததற்கு ஒரே ஊர் என்று ஒரு பெயர் கிடைத்தது. அதையாவது சொன்னாளே என்று இருந்தது நர்சம்மாவுக்கு.

வாத்தியார் கதையைச் சொன்னார். புயலடிக்கும் ஒரு கடற்கரை. படகுகள் திரும்பவில்லை. கரையில் நிற்பவர்களுக்குப் பாறை மறைப்பதால் கடல் தெரியாது. கலங்கரை விளக்கத்தின் மேலே நிற்கும் காவல்காரிக்கு மட்டும் தெரியும். கரையில் ஒரு தாய் கீழிருந்து மூன்று முறை கேட்கிறாள். மேலே நிற்பவள் மூன்று முறை பதில் சொல்கிறாள்.

"மேல இருக்கறவளுக்குத் தெரியும். கீழ இருக்கறவளுக்குத் தெரியாது. அவ்வளவுதான் நாடகம்" என்று சொல்லிவிட்டு, "நீங்க மேல, நீங்க கீழ" என்று முதலில் நர்சம்மாவையும் பிறகு அக்காவையும் கை காட்டினார்.

அக்கா கையிலிருந்த தாளை நான்காக மடித்தாள். எழுந்து போய்விடுவாள் என்றுதான் நர்சம்மா நினைத்தாள். போகவில்லை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை வேளையில், எழுபத்தாறு வயது அம்மாவைக் குடல் சுருண்டுகொண்டதென்று ஆபரேஷன் மேஜையில் கிடத்தினார்கள். சொந்தக்காரர்களுக்கு நடக்கும் ஆபரேஷனில் நிற்பது வழக்கமில்லை. "நீங்க வெளிய இருங்கம்மா" என்று டாக்டரும் சொன்னார். நர்சம்மா விட்டுக்கொடுக்கவில்லை. தன் கையை நம்பினாள். அம்மாவை வேறு யார் கையிலும் விட அவளால் முடியவில்லை.

பாதியில் ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கியது. வாசலில் ரத்தப் பை வந்திருந்தது. வேறு ஆள் இல்லாததால் கை உறையைக் கழற்றிவிட்டு, அதை வாங்கிவர அவள்தான் கதவைத் திறந்தாள். எதிர் பெஞ்சிலிருந்து அக்கா எழுந்து ஓடி வந்தாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"அம்மா எப்படி இருக்காங்க" என்று முகமூடிக்குள்ளிருந்து பழக்கதோஷத்தில் திருப்பிச் சொன்னாள் நர்சம்மா. பிறகு சொன்னாள்: "நடந்துட்டு இருக்கு. நீ உக்காரு." பையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அந்தச் சொல்லை நம்பி அக்கா உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் செய்து நல்லபடியாக நடக்கிறது என்றாள். அத்தோடு நிற்கவில்லை. அம்மா வீட்டுக்கு வந்ததும் வழுக்காமல் நடக்க வேண்டுமே என்று தெருமுனைக் கடைக்குப் போய் மெத்தென்று ஒரு ஜோடி செருப்பு வாங்கினாள். அட்டைப்பெட்டியோடு படியேறி வந்தபோது எல்லாம் முடிந்து, அம்மாவைத் தலைவரை மூடியிருந்தார்கள். அக்கா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டது ஒரே கேள்விதான்: "கதவத் தொறந்தப்பவே உனக்குத் தெரியுமா?" நர்சம்மா வாயைத் திறக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு அக்கா வேறு எதுவும் கேட்கவே இல்லை.

உள்ளே நடப்பதை டாக்டரைத் தவிர யாரும் வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். இத்தனை வருஷமும் நர்சம்மா அந்தச் சட்டத்தைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தச்சு வகுப்புக்காரர்கள் நான்காம் நாள் கலங்கரை விளக்கத்தைச் செய்து கொண்டுவந்தார்கள். எட்டுப் படி வைத்த ஒரு மரப் பரண், சுற்றி வெள்ளைத் துணி. ஏறி நின்றால் கொஞ்சம் ஆடும். கண்டக்டர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்கம்மா, உள்ள இடம் இருக்கு" என்றார்.

கீழே அக்கா பாடினாள்:

உயரத்தில் நிற்பவளே – உன்
கண்ணுக்கு என்ன தெரியும்?

மேலிருந்து நர்சம்மா பாடினாள்:

அலைமட்டும் தெரியுதம்மா – அதன்
மேலொரு பறவை தெரியும்.

இரண்டாம் முறை அதே கேள்வி. "பாயொன்று தெரியுதம்மா – அது காற்றோடு மல்லுக்கு நிற்கும்" என்று பதில். இரண்டு குரலும் இழைந்து போனதைக் கேட்டு வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் முறையும் கேள்வி வந்தது. இப்போது மேலே நிற்பவள் சொல்ல வேண்டியது: "பாய்மட்டும் மிதக்குதம்மா – அதைப் பிடித்தவர் யாரும் இல்லை."

நர்சம்மாவின் கை மார்புக்கு ஏறியது. "கண்ணுக்கு என்ன தெரியும்" என்றாள், பாடாமல், ஆஸ்பத்திரிக் குரலில். அதற்கு மேல் வரவில்லை.

அறையே சிரித்தது. "அம்மா, ஸ்டாப்பிங் வந்தாச்சு, இறங்க வேண்டியதுதானே!" என்றார் கண்டக்டர். நர்சம்மாவும் சிரித்து வைத்தாள். அக்கா சிரிக்கவில்லை. முதன்முறையாக நிமிர்ந்து பரணைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அவங்களுக்கு வரி ஞாபகமில்லைன்னா தாளப் பாத்துப் பாடச் சொல்லுங்க" என்று வாத்தியாரிடம் சொன்னாள்.

வரி ஞாபகம் இல்லாமலா? காய் நறுக்கும்போது, துணி உலர்த்தும்போது, பஸ்ஸில் வரும்போது அதே வரிதான். வீட்டில் தங்கு தடையில்லாமல் வரும். பரண் மேல் ஏறிக் கீழே அக்காவின் முகத்தைப் பார்த்தால் கேள்வியைத் திருப்பிச் சொல்வதோடு நின்றுவிடும். ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஞாயிறு விடுமுறை போய் அடுத்த வாரம் தொடங்கியும் இதே கூத்துதான். முதலில் சிரித்தவர்கள் பிறகு சிரிப்பதை நிறுத்தினார்கள். அப்புறம் பரிதாபப்பட ஆரம்பித்தார்கள். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

ஆனால் ஒவ்வொரு நாளும் ஒத்திகை முடிந்ததும் அவள் எண்ணுவாள். விளக்குகள் ஆறு, துடுப்புகள் நாலு, சால்வை பன்னிரண்டு. உள்ளே போன பஞ்சும் கத்தியும் எண்ணி வெளியே வந்தால்தான் வயிற்றைத் தைக்கலாம் என்று பழகியவள். எண்ணிக்கை சரியானால்தான் அறையைப் பூட்ட விடுவாள். ஒரு நாள் ஒரு சால்வை குறைந்தது. பெஞ்சுக்கடியில் தவழ்ந்து தேடி எழுந்தால், அக்கா தோளில் கிடந்தது. அக்காவாகவே கழற்றி, மடித்து, பெஞ்சின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

புதன்கிழமை வாத்தியார் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். பாவம், கெட்டது சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நாளைக்குக் கடைசி முழு ஒத்திகை. நாளைக்கும் அந்த வரி வரலன்னா வங்கியம்மாவ மேல ஏத்திடறேன். அவங்களுக்குப் பாட்டு மனப்பாடம். நீங்க விளக்கு, சாமான் எல்லாம் பாத்துக்கங்க. அதுல உங்கள மிஞ்ச ஆள் இல்ல."

"நாளைக்கு வரலன்னா வங்கியம்மா" என்றாள் நர்சம்மா. காதில் விழுந்தது.

மறுநாள் காலை டீயை வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தவளைக் கணவர் பார்த்தார். இரண்டு வாரமாக அந்த வரியைக் கேட்டுக் கேட்டு அவருக்கே பாடமாகிவிட்டது.

"எனக்கு ஒண்ணு சொல்லு. நீ அங்க பாடப் போறியா, பேசப் போறியா?" என்றார். அவள் திருப்பிச் சொல்லவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன ஒன்றை அவள் திருப்பிச் சொல்லாதது அதுதான் முதல் முறை. அவர் ஆறிய டீயை எடுத்துக்கொண்டுபோய் மறுபடி சூடாக்கினார்.

கடைசி ஒத்திகைக்கு எல்லாரும் வேஷம் கட்டியிருந்தார்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, புயலுக்காகக் கண்டக்டர் ஒரு தகரத்தை ஆட்டிக்கொண்டு நின்றார். வங்கியம்மாவும் காவல்காரியின் சால்வையைப் போர்த்திக்கொண்டு தயாராக ஓரத்தில் நின்றாள். நர்சம்மா எட்டுப் படியும் ஏறினாள்.

முதல் கேள்விக்கு அலை. இரண்டாம் கேள்விக்குப் பாய். மூன்றாவது கேள்வியை அக்கா தொடங்கினாள். அன்றைக்கு என்னவோ மெட்டு அவளுக்கு நடுவிலேயே அறுந்தது. "உயரத்தில் நிற்பவளே" வரைக்கும் பாடினாள், மிச்சத்தைப் பேச்சாகவே கேட்டாள்: "உன் கண்ணுக்கு என்ன தெரியும்?"

"கண்ணுக்கு என்ன தெரியும்" என்றாள் நர்சம்மா. வங்கியம்மா ஓர் அடி முன்னால் வைத்தாள். வாத்தியார் கையைத் தூக்கினார்.

"தெரியும்" என்றாள் நர்சம்மா. "அப்பவே தெரியும், அக்கா."

தகரம் நின்றது.

"கதவத் தொறந்தப்பவே தெரியும். பிரஷர் அம்பதுக்குக் கீழ போயிடுச்சு. அம்மா கை சில்லுன்னு ஆயிடுச்சு. ரத்தம் ஏத்தினாலும் நிக்காதுன்னு டாக்டர் மொகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன். வெளிய சொல்லக் கூடாது, அதான் ரூலுன்னு இத்தன வருஷம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ரூலு இல்லக்கா. உன் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டா என் கை நடுங்கிடும், அப்புறம் உள்ள போய் நிக்க முடியாதுன்னு பயந்துட்டேன். சொல்லிட்டா அது நெசமாயிடும்னு பயந்துட்டேன். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா உன்ன ரெண்டு நிமிஷம் உள்ள விட்டிருப்பார். அம்மா கையப் பிடிச்சிருப்பே. நான் கேக்கல. நான்தான் கேக்கல."

இது நாடகமா, இல்லையா என்று யாருக்கும் புரியவில்லை. வாத்தியாருக்கு மட்டும் புரிந்தது. தூக்கிய கையை மெல்லக் கீழே இறக்கினார்.

நர்சம்மா பரணின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். திட்டட்டும், வெளியே போகட்டும், எது நடந்தாலும் சரி. ஆபரேஷன் மேஜைக்கு முன்னால்கூட இவ்வளவு பயந்து நின்றதில்லை.

"அப்பவே தெரியும்" என்றாள் அக்கா.

மெதுவாக, ஒவ்வொன்றாக, அதே வரிசையில் சொன்னாள்.

"கை சில்லுன்னு ஆயிடுச்சு. பயந்துட்டே. கேக்கல."

நர்சம்மாவுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. காதில் விழுந்துவிட்டது. பதினொரு வருஷம் கழித்து, சொன்னது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. அவள் அழுதாள். கை இரண்டும் விளிம்பை விட்டு, கோத்துக்கொள்ளாமல், பக்கவாட்டில் அப்படியே தொங்கின.

அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு வாத்தியாரைப் பார்த்தாள். "மொதல் நாளே தாளத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிருப்பேன். இவ மேல நின்னு என்ன சொல்றான்னு பாக்கத்தான் இருந்தேன்" என்றாள். அன்றைய 'அவங்க', இன்று 'இவ' ஆகியிருந்தாள். "தங்கச்சி" என்று வங்கியம்மாவுக்கும் ஒரு விளக்கம் கொடுத்துவிட்டு, "திரும்ப எடுங்க. என் பாட்டும் இன்னைக்குச் சரியில்ல" என்றாள்.

வங்கியம்மா சால்வையைக் கழற்றி மடித்து வைத்தாள். பாட்டைத் திரும்ப எடுத்தார்கள். மூன்றாம் பதில் வந்தது. சனிக்கிழமை மேடையிலும் வந்தது. பிரமாதம் என்று சொல்ல முடியாது. நடுவில் குரல் கொஞ்சம் உடைந்தது. முன் வரிசையில் இருந்த கணவர் வாயசைத்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் விளக்குகள் ஆறு, துடுப்புகள் நாலு, சால்வை பன்னிரண்டு. எண்ணிக்கை சரி. எண்ணும்போது அக்காவும் பக்கத்தில் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டு வாசலில் வண்டி நின்றது. அறைகள் காலியாகிச் சுவரில் படம் மாட்டிய இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. அக்கா உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து நர்சம்மாவின் கையில் திணித்தாள். பழுப்பேறிய பெட்டி. திறக்காமலே என்னவென்று தெரிந்தது.

"பொட்டில எடம் இல்ல. நீ வச்சுக்க" என்றாள் அக்கா. பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள். "எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சுக்காத. எனக்கு இன்னும் நாள் ஆகும்."

"இன்னும் நாள் ஆகும்" என்றாள் நர்சம்மா.

"செவ்வாக்கெழம காலைல போன் பண்றேன். எடு."

"செவ்வாக்கெழம காலைல. எடுக்கறேன்."

வண்டி கிளம்பியது. நர்சம்மா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றாள். செவ்வாய்க்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.